கஞ்சிச் சட்டியோடு வந்தவள்

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டம்,
1912, மாசி

அன்புத் தம்பிக்கு,

"கதையில செத்தவங்கள எப்பண்ணே வரவைக்கிறது?" என்று முன்பு கேட்டாய். முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கதை சொன்ன வாத்தியார் நான். என் பதிலைக் கேட்காமலே எழுந்து போனாய்.

நேற்று மாலை கோயில் வாசலில் என் மகள் பெயரைச் சொல்லி, "செத்தவ கதவத் தட்டுறா" என்றுதானே கதையைத் தொடங்கினாய்? சனம் நடுங்கியது; உனக்குப் பெருமை. இன்று லயத்து வீடுகளில் பேய் அண்டாதிருக்கக் கதவுக்குக் கதவு பழைய விளக்குமாறு தொங்குகிறது. உன் அண்ணி அதைப் பார்த்துவிட்டு, "நம்ம புள்ளையவாங்க வெரட்டுறாங்க?" என்று கேட்டாள்.

காய்ச்சல் பரவியபோது அதே கதவுகளைத் தட்டிக் கஞ்சி கொடுத்தவள் அவள். யாரும் எட்டிப் பார்க்காத வீட்டுக்கும் போனாள். கடைசியில் காய்ச்சல் அவளையும் பிடித்தது. இதை முதலில் சொல்லியிருந்தால், செத்த பிறகு அவள் தட்டும்போது கேட்பவர்களே "உள்ள வா தாயி" என்றிருப்பார்கள். தூக்கி வளர்த்த சித்தப்பனுக்கு இதுகூடத் தெரியவில்லையா?

வரும் வெள்ளிக்கிழமை அதே இடத்தில் கதையைத் திரும்பச் சொல். கஞ்சியிலிருந்து தொடங்கு. "அப்புறம் அவ வந்தாளா?" என்று யாராவது கேட்கும்வரை அவளைக் கதவருகே கொண்டுவராதே.

உன் அண்ணன்