இடது கன்னத்துக்கு நீல மூடி

பிப்ரவரி 3, திங்கள்

அறுபத்திரண்டு வயதில் ஒரு கம்பெனி என் முகத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு நேரம் உற்றுப் பார்த்ததில்லை.

முகச் சுருக்கத்துக்குப் புதிய கிரீம், நான்கு வாரம் பூசிப் பார்க்க அறுபதை ஒட்டிய பெண்கள் முப்பது பேர் தேவை என்று பேப்பரில் விளம்பரம். நாத்தனாரையும் இழுத்துக்கொண்டு போனேன். "எனக்கு எதுக்கு அண்ணி இதெல்லாம்? வயசாகிறது என்ன வியாதியா?" என்று அவள் பிடிவாதமாகத்தான் இருந்தாள். நான் விடவில்லை. தனியாகப் போனால் ஆசைப்பட்டுப் போனதாகத் தெரியும். இரண்டு பேராகப் போனால் சும்மா வேடிக்கை பார்க்கப் போனோம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

காத்திருக்கும் அறையில் எல்லாப் பெண்களும் கம்பெனியைத்தான் கிழி கிழியென்று கிழித்துக்கொண்டிருந்தார்கள். "நம்ம மூஞ்சில பூசிப் பார்த்துட்டு, போஸ்டர்ல இருபத்தஞ்சு வயசுப் பொண்ணைப் போடுவாங்க" என்றார் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர். மேஜைமேல் மாதிரிக்கு வைத்திருந்த பெட்டியில் ஒரு முயல் படம். எந்த விலங்கின் மீதும் சோதிக்கப்படவில்லை என்று கீழே எழுதியிருந்தது.

"அப்ப யார் மேல சோதிக்கிறாங்களாம்?"

"அதுக்குத்தானே வந்து உக்காந்திருக்கோம்."

"முயலுக்காவது பரிஞ்சு பேச ஆள் இருக்கு."

வயிறு குலுங்கச் சிரித்தோம். பிறகு பெயரைக் கூப்பிட்டதும் ஒவ்வொருத்தியும் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, முதுகை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனாள். நான் ஒரு படி மேலே போய், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு நடந்தேன். கதவில் இடித்துக்கொண்டேன்.

முப்பத்தோரு வருடம் அச்சகத்தில் லேபிள் சரிபார்த்தவள் நான். சுருக்கம் மறையும், கரும்புள்ளி நீங்கும், பத்தே நாளில் பலன் — எத்தனை டப்பாக்களுக்குப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருப்பேன்! ஒரு எழுத்துப் பிழை விட்டதில்லை. பொய்யைப் பிழையில்லாமல் அச்சடித்துக் கொடுத்த புண்ணியவதி. எனக்கே இந்த ஆசை என்றால் மற்றவர்களை என்ன சொல்வது?

பிப்ரவரி 4

இன்று தொடக்கம், எனக்கும் நாத்தனாருக்கும். வெள்ளை மூடி டப்பா வலது கன்னத்துக்கு, நீல மூடி டப்பா இடது கன்னத்துக்கு. ஒன்றில் மருந்து சேர்த்த கிரீம். இன்னொன்றில் மருந்தே இல்லாத வெறும் கிரீம். எது எதில் என்று நமக்குச் சொல்லமாட்டார்கள். சொன்னால் மனசு நம்மை ஏமாற்றிவிடுமாம்.

சோதனையைக் கவனிக்கும் வெள்ளைக் கோட்டுப் பெண் இரண்டு தடவை சொன்னாள். "மாத்திப் பூசிடாதீங்கம்மா. எரிச்சலோ சிவப்போ, எது வந்தாலும் உடனே போன் பண்ணுங்க." ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது போல இதை எனக்குச் சொல்கிறாளே என்று கோபம் வந்தது.

வீட்டுக்காரர் என் முகத்தைச் சிறிது நேரம் பார்த்தார். "இனிமே எந்தப் பாதியைப் பார்த்துப் பேசணும்?"

பிப்ரவரி 6

இடது கன்னம் எரிகிறது. மிளகாய் நறுக்கிய கையால் தொட்டது போல. சட்டைப் பொத்தான் அளவுக்குச் சிவப்பு.

போன் பண்ண வேண்டும். பண்ணினால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். முடிவில் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்து, 'உண்மையான பெண், உண்மையான முகம்' என்று பெரிய விளம்பரப் பலகையில் போடப்போகிறார்களாம். நான் யோசிப்பது அதற்காக இல்லை. சத்தியமாக இல்லை.

நாளைக்குப் பண்ணலாம்.

பிப்ரவரி 7

பண்ணவில்லை. நீல மூடியைத் தொடவும் இல்லை.

பிப்ரவரி 11

வலது கன்னம் மின்னுகிறது! கண்ணாடியில் பார்த்தேன், ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன், கரண்டியின் முதுகில்கூடப் பார்த்துவிட்டேன். மருந்து வெள்ளை மூடியில்தான் இருக்கிறது. முப்பத்தோரு வருட அனுபவம் சொல்கிறது.

அப்படியானால் இடது பக்கம் என்ன பாவம் செய்தது? ஒரு பாதி அக்கா, ஒரு பாதி தங்கை என்று எப்படித் தெருவில் நடப்பது? இன்று முதல் வெள்ளை மூடியையே இரண்டு கன்னத்துக்கும் பூசுகிறேன், சீக்கிரம் தீராதபடி மெல்லிசாக. டப்பாக்களை எடை போட்டுப் பார்ப்பார்களாம். அதனால் நீல டப்பாவிலிருந்தும் தினமும் ஒரு விரல் வழித்து, குழாயடியில் கழுவிவிடுகிறேன். திருட்டுத்தனத்திலும் என்ன ஒரு ஒழுங்கு! அச்சகத்தில் ஒருநாளும் இவ்வளவு அக்கறை காட்டியதில்லை.

பிப்ரவரி 17

இரண்டாவது வாரச் சோதனை. படிவத்தில் ஒரு கேள்வி: 'எரிச்சல் ஏற்பட்டதா?' இல்லை என்று டிக் அடித்தேன். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தேன்.

பிறகு நாத்தனார் உள்ளே வந்தாள். பத்து நாளாக நாங்கள் போனில் மட்டும்தான் பேசியிருந்தோம். அவளுடைய இடது கன்னம் முழுக்கக் கருஞ்சிவப்புத் திட்டு. தோல் உரிந்திருந்தது. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள் அவள். ஒரு நாள் தவறாமல் நீல மூடியைப் பூசியிருக்கிறாள். எரிகிறது என்று போன் பண்ணியபோது, பழகிவிடும், தொடர்ந்து பூசுங்கள் என்றாராம் கம்பெனி டாக்டர்.

இன்று அதே டாக்டர் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பேசினார். "மத்தவங்க யாருக்கும் இப்படி ஆகலையே. நீங்க வேற ஏதோ போட்டிருக்கீங்க. தலைக்கு டை அடிப்பீங்களா?"

அவள் தலை முழுக்க வெள்ளை. அதை எதிரில் வைத்துக்கொண்டுதான் கேட்டார்.

விதிமுறையை மீறியவர் என்று எழுதி அவளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். மீதி இருபத்தொன்பது பேர். இருபத்தொன்பது பேருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டாள். "உங்களுக்கு ஒண்ணுமே ஆகலையா அண்ணி?"

"இல்லையே."

"அப்ப என் தோல்லதான் ஏதோ கோளாறு."

இறங்கும் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் என் பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தேன். பையில் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 19

பல் ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருடமாக முன்மேஜையில் உட்கார்ந்து, வருகிறவர்களைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறவள் நாத்தனார். இன்று அவளைப் பின்னறைக்கு அனுப்பிவிட்டார்கள், எக்ஸ்ரே கவர்களை அடுக்குவதற்கு. வருகிறவர்கள் பயப்படுகிறார்களாம். முகம் சரியாகாவிட்டால் இந்த மாதத்தோடு நின்றுகொள்ளச் சொல்வார்கள் போலிருக்கிறது. அவள் தன் அண்ணனுக்குப் போன் பண்ணி அழுதிருக்கிறாள். எனக்குப் பண்ணவில்லை.

பிப்ரவரி 21

கம்பெனி விளம்பரக்காரர் போன் பண்ணினார். இறுதிச் சுற்றில் நான் இருக்கிறேன். "உங்க சிரிப்புல ஒரு நேர்மை இருக்கு மேடம். அதைத்தான் நாங்க தேடிட்டிருந்தோம்." அடுத்த மாதம் கிரீம் கடைக்கு வருகிறதாம்.

போனை வைத்துவிட்டு என்ன செய்தேன் என்று எழுதத்தான் வேண்டும். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடி முன்னால் நேர்மையாகச் சிரித்துப் பார்த்தேன். எட்டு விதமாக.

பிப்ரவரி 23, ஞாயிறு

எழுதவே கூசுது. நான் என்ன மனுஷி? அவ மூஞ்சி வெந்து போயிருக்கு, நான் சிரிச்சுப் பழகுறேன். ஒரு வார்த்தை — எனக்கும் எரிஞ்சுதுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே அந்த டாக்டர் வாயடைச்சுப் போயிருப்பார். ஏன் சொல்லல? அறுபத்திரண்டு வயசுல ஒரு பலகையில தொங்கணும், அதானே? அதுவும் எந்தத் தெருவில் வைப்பார்களோ!

இந்த டப்பா கடைக்குப் போய்விட்டால் எத்தனை பேருடைய கன்னம்? ஒவ்வொருத்தியும் தன் தோல்தான் மோசம் என்று வீட்டுக்குள் முடங்கிக்கொள்வாள். கேட்டால் இருபத்தொன்பது பேருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பார்கள். அந்த இருபத்தொன்பதில் ஒருத்தி நான்.

பிப்ரவரி 24, திங்கள்

காலையில் முதல் ஆளாகக் கம்பெனிக்குப் போய் நின்றேன். டாக்டர், விளம்பரக்காரர், வெள்ளைக் கோட்டுப் பெண் மூவரும் இருந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன், குழாயடி உட்பட.

வெள்ளைக் கோட்டுப் பெண் கம்ப்யூட்டரில் எதையோ தேடிப் பார்த்துவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அம்மா, நீல மூடிலதான் மருந்து. வெள்ளை மூடி வெறும் கிரீம்."

ஆக, என் வலது கன்னம் மின்னியது மருந்தால் இல்லை. அது மின்னவே இல்லை. மூக்குடைபட்டது என்றால் இதுதான்.

டாக்டர் விடவில்லை. "ஒரு தடவை பொய் சொன்னவங்க பேச்சை எப்படி நம்புறது? நாத்தனாருக்காக வந்து பேசுறீங்க."

நியாயமான கேள்விதான். பையிலிருந்து நீல டப்பாவை எடுத்தேன். அவர்கள் எதிரிலேயே இடது கன்னத்தில் தாராளமாகப் பூசிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். வெள்ளைக் கோட்டுப் பெண் பதறித் தண்ணீரோடு ஓடி வந்தாள். இருக்கட்டும் என்று கை காட்டினேன். விளம்பரக்காரர் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். கால் மணி நேரத்தில் கண்ணில் நீர் வழிந்தது, கன்னம் பழுத்துவிட்டது. பிறகுதான் கழுவ விட்டேன்.

"மத்த இருபத்தெட்டு பேரையும் நான் தனித்தனியா கூப்பிட்டுக் கேட்கிறேன்" என்றாள் அந்தப் பெண். டாக்டரிடம் அனுமதி கேட்கவில்லை.

அங்கிருந்து நேராக நாத்தனார் வீடு. வாசலில் நின்றபடியே சொன்னேன். என் கன்னத்தைப் பார்த்தாள். முழுவதையும் கேட்டாள்.

"அன்னைக்கு பஸ்ல கேட்டேனே அண்ணி."

அவ்வளவுதான். கதவைச் சத்தம் வராமல் சாத்தினாள். அடித்துச் சாத்தியிருந்தால் தேவலை.

மார்ச் 4

வெள்ளைக் கோட்டுப் பெண் போன் பண்ணினாள். பதினோரு பேர். பதினோரு பேரும் முதல் வாரத்திலேயே நீல மூடியை நிறுத்திவிட்டு 'இல்லை' என்று டிக் அடித்திருக்கிறார்கள். அந்த ஓய்வுபெற்ற நர்ஸும் அதில் ஒருவர். பலகையில் வர ஆசை என்று இரண்டு பேர்தான் சொன்னார்களாம். மற்றவர்கள், என் தோல்தான் சரியில்லை என்று நினைத்தேன், சொல்ல வெட்கமாக இருந்தது என்றார்களாம்.

பன்னிரண்டு வீட்டில், பன்னிரண்டு கண்ணாடி முன்னால், ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல் நாங்கள் எல்லாரும் ஒரே காரியத்தைச் செய்திருக்கிறோம். கம்பெனிக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? கூடி உட்கார்ந்தால் வாய் கிழியப் பேசுவோம், படிவத்தைக் கொடுத்தால் மட்டும் சமர்த்தாகிவிடுவோம்.

விற்பனையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கலவையை மாற்றி, எல்லாம் முதலிலிருந்து. நாத்தனாரின் தோல் வைத்தியத்தைக் கம்பெனியே பார்த்துக்கொள்கிறது. எனக்கும் ஒரு கடிதம் வந்தது: இனி எந்தச் சோதனைக்கும் நான் தகுதியற்றவள். வீட்டுக்காரர் அதைச் சத்தமாக இரண்டு தடவை படித்தார்.

மார்ச் 9

நாத்தனாருக்குப் போன் பண்ணினேன். எடுக்கவில்லை.

மார்ச் 15

எடுக்கவில்லை.

மார்ச் 26, புதன்

நாத்தனார் முன்மேஜைக்குத் திரும்பிவிட்டாள் என்று நேற்று வீட்டுக்காரர் சொன்னார். இன்று பல் வலி என்று சொல்லிக்கொண்டு போனேன். என் பல்லுக்கு ஒரு கேடும் இல்லை.

அவள் கன்னத்தில் வெளிறிய தடம் இன்னும் இருக்கிறது. பவுடர் போட்டு மறைக்கவில்லை. என்னை யாரோ ஒருவரைப் போல நிமிர்ந்து பார்த்தாள். "உக்காருங்க. உங்களுக்கு முன்னாடி நாலு பேர் இருக்காங்க."

நாலு பேர் போனார்கள். எனக்குப் பின்னால் வந்த இரண்டு பேரும் போனார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. ஒன்றே கால் மணி நேரம் கழித்து என் பெயரைக் கூப்பிட்டாள். உள்ளே போகும்போது, கையிலிருந்த பெயர்ச் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே மெதுவாகச் சொன்னாள்:

"வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க, அண்ணி."

டாக்டர் கருவியைக் கையில் எடுப்பதற்கு முன்பே "வலிக்குது" என்று கத்தினேன். வெளியே மேஜைப் பக்கத்திலிருந்து அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது.