முதுகில் பரு

1987 மாசி 12, வியாழன்

இன்று அப்பாவின் திவசம். போட்டிருந்த சேட்டைக் கழற்றிவிட்டு ஐயர் முன் உட்கார்ந்தேன். பக்கத்து அப்பார்ட்மென்ட் அன்ரி என் முதுகைப் பார்த்து அழுதுவிட்டார்.

“ஆமிக்காரன் செய்த வேலையே, தம்பி?”

“இல்லை அன்ரி, பரு. வருசக்கணக்கா மாறுதில்லை.”

“சொல்ல விருப்பமில்லாட்டி விடு.”

அவர் நம்பவில்லை.

வெள்ளைக்காரர் தோலைக் கறுப்பாக்கப் படுக்கிற லைற் கட்டிலில் படுத்தால் பரு காய்ந்துவிடும் என்கிறான் வேலையிடத்து நண்பன். தோல்தான் கெடும், பரு திரும்ப வரும் என்கிறார் டொக்டர். அன்ரி அழுததிலிருந்து, தோல் கெட்டாலும் பரவாயில்லை, இது போனால் போதும் போலிருக்கிறது.

ஊரில் ஆமிக் காம்பில் அடைபட்டு அடிவாங்கியவர் என் அண்ணை. விடுதலையானபின் அனுப்பிய படத்தில், யாழ்ப்பாணத்து வெயிலில் நின்றுகொண்டு, கழுத்துவரைக்கும் பொத்தான் பூட்டியிருக்கிறார்.