பேர் சொல்லிக் கூப்பிடாத வாசல்

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

புது டோக்கன் மெஷின் வைப்பதற்காக இன்று காலை என் மேசை இழுப்பறையைக் காலி செய்தேன். அடியில் ஒரு கிளி அட்டை கிடந்தது. எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். இவ்வளவு காலத்துக்குப் பிறகும் அச்சு மை வாசனை போகவில்லை. நீங்கள் இருந்திருந்தால், "என்ன அண்ணாச்சி, கிளிய மோந்து பாக்கீக? மிளகாப்பழம் கேக்குதா?" என்று கேட்டிருப்பீர்கள்.

இந்த மடலை நானே எழுதுகிறேன். ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆறினால் என்ன, ஆறின டீயும் டீதான். கம்ப்யூட்டர் பார்க்கிற செல்வி, "சொல்லுங்க தாத்தா, நான் அடிச்சுத் தாரேன்" என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன்.

ஒரு சேதி சொல்ல வேண்டும். நம் ஆபீஸ் விதிகளில் கையெழுத்துப் போட இன்று சாயங்காலம்தான் கடைசி. போடாதவர் நாளை முதல் இந்த வாசலில் உட்கார முடியாது என்று ஆபீசுக்குப் பணம் தருகிற அறக்கட்டளையில் இருந்து சொல்லிவிட்டார்கள். எனக்காக நீங்கள் காலியாக விட்டுவைத்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. நான் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டேன். இன்னும் ஒரே ஒரு பத்தி பாக்கி. அதைப் படிப்பதற்கு முன்னால் உங்களோடு கொஞ்ச நேரம் பேச ஆசையாக இருக்கிறது.

பாதி ஆயுசைப் பட்டாசுக் கம்பெனி கேட்டில் கழித்தவன் நான். பீடி, தீப்பெட்டி, செல்போன் எதுவும் உள்ளே போகாமல் பார்ப்பது என் வேலை. முழங்கால் ஒத்துழைக்காமல் போனபோது, சூலக்கரையில் இலவசமாக வழக்குப் பார்க்கிற ஆபீஸ் ஒன்று இருக்கிறது, வாசலுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தேன். காரியாபட்டி பஸ்ஸில் இறங்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி நீங்கள் வந்தீர்கள். ஆபீசை நடத்துகிற வக்கீலே நீங்கள்தான் என்று எனக்குத் தெரியாது. "வக்கீலு இன்னும் வரல, உக்காருங்க" என்றேன். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டீர்கள்.

"கம்பெனி கேட்டுல என்ன பாப்பீக?" என்று கேட்டீர்கள்.

"யாரு எதக் கொண்டுக்கிட்டு உள்ள போறாகன்னு பாப்பேன்."

"இங்கனயும் அதே வேலைதான். ஆனா எது வெளிய போகுதுன்னு பாக்கணும்."

அதற்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. வேலை கிடைத்துவிட்டது என்பது மட்டும் விளங்கியது.

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. பீரோ நிறைய இருந்த வழக்குக் கட்டுகளை எல்லாம் செல்வி படம் பிடித்து அதற்குள் அனுப்பினாள். இத்தனை தாளும் அந்த ஒல்லிப் பெட்டிக்குள் எங்கே போய் உட்கார்கின்றன என்று உங்களிடம் கேட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. திருப்பி ஒரு கேள்வி கேட்டீர்கள்.

"கம்பெனியில ஏன் தனித்தனி அறையாக் கட்டி வச்சிருக்காக?"

"ஒண்ணுல பத்துனா அடுத்தது தப்பிக்கணும்ல?"

"இதுக்குள்ளயும் அப்படித்தான். வழக்குக்கு ஒரு அறை. அந்த வழக்கப் பாக்குறவுக கையில மட்டுந்தான் சாவி. எனக்கே எல்லா அறைக்கும் சாவி கிடையாது."

"முதலாளிக்கே கிடையாதா?"

"கிடையாது."

அந்த ஆச்சரியம் இன்னும் எனக்குத் தீரவில்லை. மறுவாரம் செல்வி தன் கடவுச்சொல்லை எழுதிக் கம்ப்யூட்டர் நெற்றியிலேயே ஒட்டிவைத்திருந்தாள். நீங்கள் அதை உரித்து அவள் கையில் கொடுத்து, "கேட்டப் பூட்டி, சாவிய கேட்டுலயே தொங்க விட்டா எப்படிம்மா?" என்றீர்கள். எனக்குத்தான் சிரிப்பு அடங்கவில்லை.

அந்தக் கூடை ஞாபகம் இருக்கிறதா? நம்மிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கம்பெனி ஆட்கள். யாரும் சொல்லாமலேயே, வாசலில் செருப்பைக் கழற்றும்போது செல்போனையும் எடுத்து என்னிடம் நீட்டுவார்கள். கேட்டைத் தாண்டினால் போன் கூடாது என்பது அவர்களுக்கு ரத்தத்தில் ஊறியது. மின்சாரம் உடம்பில் தங்கக் கூடாது என்று கம்பெனியில் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போவார்களே, அந்தப் பழக்கத்தில் சிலர் நம் இரும்புக் கதவையும் ஒரு தரம் உள்ளங்கையால் தொடுவார்கள். போன்களைப் போட்டு வைக்க ஒரு கூடை வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அப்படி ஒருநாள் எம். புதுப்பட்டியில் இருந்து ஒரு பெண் வந்தாள். அவளைக் கிளி என்றே எழுதுகிறேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். வேலையில் வலது கை வெந்துபோயிருந்தது. இப்படி ஒருத்தி எங்களிடம் வேலை பார்க்கவே இல்லை என்று அவள் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். போனைக் கூடையில் போட்டுவிட்டு உங்கள் அறைக்குள் போனாள். நான் டீ வாங்கப் போயிருந்தேன். அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. நம் பக்கத்தில் அடிக்கிற போனை யாரும் சும்மா விட மாட்டார்கள். எங்கே வெடித்ததோ, யாருக்கு என்னவோ என்ற பயம். காத்திருந்த ஒரு பெரியம்மா அதை எடுத்துவிட்டார்.

"அந்தப் பிள்ள உள்ள வக்கீலம்மாகிட்ட கை வெந்த கேசு பேசிக்கிட்டு இருக்கு. நீங்க யாரு, மாமாவா?"

அந்தப் பக்கம் இருந்தது மாமா இல்லை. அவள் கம்பெனி சூப்பர்வைசர்.

மறுநாள் விடியும்போதே அவள் வீட்டுக்கு ஆள் போயிற்று. ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று சொல்லி ஒரு தாளில் அவள் இடது கைப் பெருவிரலை உருட்டி வாங்கிக்கொண்டார்கள். எனக்கு இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அதில் எழுதியிருந்தது பிறகுதான் தெரிந்தது. திரும்பி வந்து உங்கள் எதிரில் உட்கார்ந்து அவள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"வாசிச்சுத்தாம்மா காமிச்சாக. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு."

நீங்கள் யாரையும் வையவில்லை. அழுதுகொண்டிருந்த பெரியம்மாவுக்கு உங்கள் டீயைக் கொடுத்தீர்கள். சாயங்காலம் எங்கள் எல்லாரையும் உட்காரவைத்து, இனி இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று ஒவ்வொருவராகக் கேட்டீர்கள். வாசல்காரனையும் கேட்டீர்கள். அன்றைக்குத் தொடங்கியதுதான் நம் விதிகள். போன் அவரவர் மடியிலேயே இருக்கட்டும், அமர்த்தி வைத்தால் போதும். வாசலில் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. யாரிடமும் கைநாட்டு வாங்கக் கூடாது. எழுத்துத் தெரியாதவர் தனக்கு நம்பிக்கையான ஆளைக் கூட்டி வந்து படிக்கச் சொல்லட்டும். "நாமளே எழுதி நாமளே வாசிச்சுக் காட்டுனா, அவுகளுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?" என்றீர்கள்.

பேர் சொல்லாமல் எப்படிக் கூப்பிடுவது? எண் கொடுத்தால் எல்லாருக்கும் படிக்க வராது. சிவகாசி அச்சகத்தில் மீந்துபோன பட்டாசு லேபிள் அட்டைகளை ஒரு கட்டு வாங்கி வந்தீர்கள். மயில், தாமரை, மான், கிளி. ஆளுக்கொரு அட்டை. கை வெந்த அந்தப் பெண்ணுக்குக் கிளி. "தாமரை, உள்ள வாங்க" என்று நான் கூப்பிட, மீசைக்காரர் ஒருவர் வெட்கப்பட்டுக்கொண்டே எழுந்து போனார். இன்னொருவர் சண்டைக்கே வந்துவிட்டார்.

"ஏன்யா, அவுகளுக்கு மயிலு, எனக்கு மட்டும் கோழியா?"

"அது சேவல்யா."

"கொண்டை எங்க இருக்கு? காட்டு பாப்போம்."

நீங்கள் அறைக்குள் இருந்து எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, அவருக்குச் சிங்கம் ஒண்ணு தேடிக் குடுங்க" என்றீர்கள்.

விதிகளை எல்லாம் சேர்த்துப் புத்தகம் மாதிரி அடித்து வந்தபோது, ஆபீசில் எல்லாருக்கும் பாலிசி என்று செல்வி சொன்னாள். நான் அதை இன்சூரன்ஸ் என்று நினைத்து வீட்டில் சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரி ரொம்ப நாள் எனக்கு மரியாதையாகச் சோறு போட்டாள்.

எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். என் முறை வந்ததும் மைப்பெட்டியைத் தேடினேன். "நம்ம விதியில கைநாட்டு கிடையாதே அண்ணாச்சி" என்றீர்கள். நம்பிக்கையான ஆளைக் கூட்டி வாருங்கள் என்றும் சொன்னீர்கள். என்ன தோன்றியதோ, "எதுக்கு? நானே படிச்சுட்டுப் போடுறேன்" என்று வாயை விட்டுவிட்டேன். அப்போது எனக்கு 'அ' கூடத் தெரியாது. நீங்கள் என் முகத்தையே பார்த்தீர்கள். "அப்ப உங்க இடம் காலியா இருக்கட்டும்" என்று புத்தகத்தை மூடிவிட்டீர்கள். யார் வந்து கேட்டாலும், "அவரு படிச்சுக்கிட்டு இருக்காரு" என்பதே உங்கள் பதில்.

அதே மாதம் வருகைப் பதிவுக்குக் கைரேகை மெஷின் வந்ததே! சின்ன வயதில் பசை போட்டுப் பட்டாசுக் காகிதக் குழாய் உருட்டி உருட்டி என் விரலில் ரேகையே தேய்ந்துபோயிருந்தது. எந்த விரலை வைத்தாலும் மெஷின் சிவப்பாக முறைத்தது. நீங்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். "பாத்தீகளா, மெஷினே உங்க கைநாட்டு வேண்டாங்குது."

அதற்குப் பிறகு எனக்கு வேறு வழி என்ன இருந்தது? ஆபீஸ் கைக்கணினியை வைத்துக்கொண்டு எழுத்துப் படிக்க உட்கார்ந்தேன். ஓர் எழுத்தைத் தொட்டால் அது வாய்விட்டுச் சொன்னது. நான் தப்பாகத் தொட்டால் கோபிக்காமல் மறுபடியும் சொன்னது. எத்தனை தரம் கேட்டாலும் சலிக்கவில்லை. அதற்குள் இருந்து பேசுகிற பெண் யார், எப்போது சாப்பிடுவாள் என்று எனக்குப் பெரிய யோசனை. பஸ் பலகை, கடைப் பலகை, எண்ணெய்ப் பாக்கெட் என்று கண்ணில் பட்டதை எல்லாம் கூட்டிப் படித்தேன். இத்தனை நாள் ஊரே பேசிக்கொண்டு இருந்திருக்கிறது, எனக்குத்தான் கேட்கவில்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க வந்தபோது உங்கள் குரல் மெலிந்திருந்தது. உடம்பைப் பற்றி நான் கேட்பதற்குள் நீங்கள் கேட்டீர்கள்.

"எந்தப் பக்கத்துல இருக்கீக?"

"மூணுலம்மா."

"அவசரமே இல்ல. புரியாமத் தாண்டிப் போயிராதீக."

அதுதான் நீங்கள் என்னிடம் கடைசியாகப் பேசியது.

நான் தாண்டவில்லை. நாலாம் பக்கத்தில் 'தரவு' என்று ஒரு சொல் வழிமறித்தது. செல்வியைக் கேட்டேன். "டேட்டா தாத்தா." டேட்டா என்றால்? "போன்ல தீந்து போகும்ல, அது." குழம்பிப்போய், உங்கள் இடத்துக்கு வந்திருக்கிற வக்கீல் தம்பியிடம் போனேன். அவர் கொஞ்சம் யோசித்து, "நம்மள நம்பி ஒருத்தர் சொன்னது எல்லாமே தரவுதான்" என்றார். நல்ல பிள்ளை. உங்களுக்குப் பிடித்துப்போயிருக்கும்.

கிளியின் வழக்கும் முடிந்துவிட்டது. அந்தக் கைநாட்டுத் தாளை, வழக்கை விசாரித்த அதிகாரி ஏற்கவில்லை. தீர்ப்பு வந்த அன்றைக்கு அவள் தம்பியைக் கூட்டி வந்து படிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டு முடித்தவள் என் மேசைக்கு வந்து, "நீங்களும் ஒரு தடவ வாசிங்கய்யா, ரெண்டும் ஒண்ணா இருக்கான்னு பாக்கேன்" என்றாள். எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தேன். பொறுமையாக நின்று கேட்டாள். ஒன்றாகத்தான் இருந்தது.

இப்போது கடைசிப் பத்தியைப் படித்துவிட்டேன் அம்மா. நாம் வேலையை விட்ட பிறகும், நம்மிடம் சொன்னவர் இல்லாமல் போன பிறகும் சொன்னதை வெளியே விடக் கூடாது என்ற விதி பொருந்தும் என்று இருக்கிறது. இரண்டு தரம் படித்தேன். எனக்கு ஒரு சந்தேகம். நாமே இல்லாமல் போன பிறகு? அதை எழுதவில்லையே. நீங்கள் போன இடத்தில், பேச்சுவாக்கில் யாரிடமாவது கிளியின் நிஜப் பேரைச் சொல்லியிருப்பீர்களா? மாட்டீர்கள். அங்கேயும் யார் கையிலாவது தாமரை அட்டையைக் கொடுத்து உட்காரவைத்திருப்பீர்கள்.

எழுத்துக் கூட்ட வந்த புதிதில், மனதில் கிடந்த அவள் பேரை ஒருநாள் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பார்த்தேன். அழகாக வந்தது. அப்புறம்தான் அது என் கையை விட்டு வெளியே வந்து மேசைமேல் கிடப்பது உறைத்தது. டீ கிளாசில் போட்டு, மை கரையும்வரை கலக்கினேன். முதல் நாள் நீங்கள் சொன்ன வேலை அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

இதோ, கையெழுத்துப் போட்டுவிட்டேன். விதிப் புத்தகமும் இப்போது கைக்கணினிக்குள் போய்விட்டது. பேனா கிடையாது, விரலால்தான். கைரேகை மெஷின் வேண்டாம் என்ற அதே விரல். கடைசி எழுத்து கொஞ்சம் சரிந்துவிட்டது. அழித்துப் போடட்டுமா என்று கேட்டேன். செல்வி, "இருக்கட்டும் தாத்தா, அழிச்சா அதுவும் ஓடிறப் போகுது" என்று பட்டனை அமுக்கிவிட்டாள்.

புது மெஷினில் உங்கள் படங்களையே ஏற்றியிருக்கிறாள். தொட்டால் மயில் வருகிறது, மான் வருகிறது. கோழியை மட்டும் சேர்க்கவில்லை. சண்டை வேண்டாமாம்.

வாசலில் யாரோ ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டு, போனை என்னிடம் நீட்டிக்கொண்டு நிற்கிறாள். பேர் சொல்ல வாய் எடுக்கிறாள். அதற்குள் நான் எழுந்திருக்க வேண்டும். மெஷின் சீட்டு அடித்துக் கொடுக்க இன்னும் நாளாகும். இழுப்பறையில் கிடந்த அட்டையை அவளுக்குக் கொடுக்கப் போகிறேன்.

"போன வச்சுக்கோங்க தாயி. பேரு இங்கன வேண்டாம். இந்தாங்க, கிளி."