எச்சில் மூச்சு

12 ஜூன் 1978
போதும், இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது. கேட்க ஆள் இல்லையென்றால் இந்த டைரியாவது கேட்கட்டும்.

எங்கள் கான்ட்ராக்ட் கம்பெனியின் முதலுதவி அறையில் ஒரு படம் தொங்குகிறது. கரண்ட் அடித்தவனைக் குப்புறப் போட்டு முதுகை அமுக்கச் சொல்லும் படம். நான் மருத்துவம் படிக்கப் போவதற்கு முன்பே வரைந்தது. உலகம் அதைக் கைவிட்டாயிற்று. மல்லாக்கப் படுக்க வை, வாயோடு வாய் வைத்து ஊது, நாடி இல்லையென்றால் நெஞ்சை அமுக்கு என்று மருத்துவ இதழ்களில் இதழுக்கு இதழ் எழுதுகிறார்கள். லீவு போட்டு மெட்ராஸ் போய் நான் கற்றுவந்ததும் அதைத்தான்.

இன்று ஆட்களுக்குச் செய்துகாட்ட மண்டியிட்டேன். வாசலில் தலைமை டாக்டர் கோபாலகிருஷ்ணன். எனக்குப் பின்னால் சேர்ந்து எனக்கு மேலே போனவர்.

"என்ன மருதாசலம், சினிமா காட்டுறீங்களா? யார் எச்சிலை சார் யார் தொடுவான்?"

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவரே ஒருவனைக் குப்புறப் படுக்கவைத்துப் பாடம் நடத்தினார்.

13 ஜூன்
தூக்கமில்லை. எச்சிலாம்!

4 ஜூலை
வடக்குத்து கிராமத்துப் பழனிவேல் போய்விட்டான். வயர்மேன். மழையில் நனைந்த கேபிளைத் தொட்டிருக்கிறான். என்னிடம் கொண்டுவந்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது. சட்டையின் முதுகுப்பக்கம் மட்டும் கசங்கிக் கிடந்தது.

5 ஜூலை
கூட வேலைபார்த்த ராயப்பன் வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"வண்டி வர்ற வரிக்கும் அமுக்கிக்கினே இருந்தேன் சார். படத்துல இருக்கறாப்லதான். சரியாத்தான அமுக்குனேன்?"

சரியாகத்தான் செய்தாய் என்றேன். வேறு என்ன சொல்ல? அவனே கேட்டான்: "அன்னிக்கு நீங்க ஊதச் சொன்னீங்களே, அது?"

எச்சில் என்று சிரித்தீர்களே என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

"பெரியவரு சொன்னாரு, சிரிச்சோம். நானும் அவனும் ஒரே பீடிய மாத்தி மாத்தி இழுக்கறவங்க சார். அவன் எச்சி எனக்கென்ன எச்சி? முழுசா காட்டியிருந்தா ஊதியிருப்பனே."

ஊதியிருந்தால் பிழைத்திருப்பானா? தெரியாது. பிழைக்க ஒரு வழி இருந்தது. அந்த வழியை அடைத்தது யாருடைய அருவருப்பு?

8 ஜூலை
விசாரணை முடிந்தது. 'முறைப்படி முதலுதவி அளிக்கப்பட்டது.' கத்தினேன். கோபாலகிருஷ்ணன் அமைதியாகச் சொன்னார்: "பதவி கிடைக்காத ஆத்திரத்தை ஒரு சாவுல வந்து தீர்த்துக்காதீங்க." சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். படம் அதே ஆணியில்.

9 ஜூலை
இன்னும் யார் யார் சாகணும்? கேட்டா பொறாமைங்கறான்! பொறாமைதான்யா! இருக்கட்டுமே! அதுக்காக நான் சொல்றது பொய்யாயிடுமா?

காபி கொண்டுவந்த என் மனைவி பார்வதி சொன்னாள்: "ஏனுங்க, உங்க கோவம் இந்த குவார்ட்டர்ஸ் ப்ளாக்குக்கே தெரியுமுங்க. என்ன விசயம்னுதான் ஒருத்தருக்கும் தெரியாது."

16 ஜூலை
கான்ட்ராக்ட் தொழிலாளர் சங்கத்துக்கு எழுதினேன். முதல் பிரதியில் பாதிக்கு மேல் கோபாலகிருஷ்ணன். கிழித்தேன். இரண்டாவதில் என் படிப்பு, என் மெட்ராஸ் பயிற்சி. அதையும் கிழித்தேன். மூன்றாவதில் மிஞ்சியது ஒரு பக்கம்: தலையை எப்படி நிமிர்த்துவது, மூக்கை எப்படிப் பிடிப்பது, எங்கே அமுக்குவது. ராயப்பன் எழுத்துக்கூட்டிப் படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில்.

கடைசியில் பழக்கதோஷம், கையெழுத்தைப் போட்டுவிட்டேன், பட்டத்தோடு. பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்தப் பெயரைக் கண்டதும், 'ஓ, அந்த ஆளா' என்று மடித்து வைத்துவிடுவார்கள்.

மறுபடி எழுதினேன். பெயர் இல்லாமலே தபாலில் போடுகிறேன்.