பெரிய எழுத்து வினாத்தாள்

மருமகளே அபோண்டி,

உன் மங்கல் கண்ணுக்காகக் கொட்டை எழுத்தில் எழுதுகிறேன். கிசுமு நகரக் கடைகளில் தாளே தீர்ந்துவிட்டது!

போன வருஷம் உனக்குப் பெரிய எழுத்து வினாத்தாள் கேட்டுத் தேர்வு அலுவலகத்தில் மேசையைத் தட்டி உடைத்தேன், அவர்கள் மறுத்தார்கள் என்றேனே, பொய். நெரிமா டீச்சர் அதற்கான விண்ணப்பத்தை என்னிடம்தான் தந்தார்.

"எம் மருமகளுக்குக் கழுகுக் கண்ணு டீச்சர்! சர்ட்டிபிகேட்ல குருடின்னு போட்டா யார் வேலை குடுப்பா?"

"அப்படிப் போட மாட்டாங்க அண்ணே. உங்க வீம்புக்கு அவளா கிடைச்சா? கையெழுத்துப் போடுங்க."

போடவில்லை.

நீ பொடி எழுத்தில் மூக்கை உரசி, பாதித் தாளோடு நேரம் முடிந்து, தோற்று வந்து அழுதாய். நானோ அலுவலகத்தைத் திட்டினேன்.

இந்த வருஷ விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தேர்வெழுதிவிட்டு வந்து என்னைத் திட்டு. பதில் பேசமாட்டேன், ஊரே அதிசயிக்கும்.

வாய் செத்த உன் தாய்மாமன்