ஒன்பதால் பெருக்கு

மார்ச் 4

மறுபடியும் தராசு. லாரிகளுக்கு எடை போட்டே தலை நரைத்தவன் நான். என் வீட்டில் என் சோற்றையே நிறுத்துப் போடுகிறாள் மனைவி. மாரடைப்பு வந்தாலும் வந்தது, வாய்க்கு ருசியாக ஒரு கவளம் இல்லை.

மார்ச் 6

பாலுக்காகச் சண்டை. நூறு கிராமில் நான்கு கிராம்தான் கொழுப்பு. அப்படியென்றால் நான்கு சதவீதம். இதற்கா இத்தனை தடை?

பேனாவை எடுத்தாள். "எடையப் பாக்காதீங்க, கலோரியப் பாருங்க. கொழுப்பு ஒரு கிராமுக்கு ஒன்பது. மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் நாலு நாலு."

கொழுப்பு நான்கு கிராமுக்கு முப்பத்தாறு கலோரி, மாவுச்சத்து ஐந்துக்கு இருபது, புரதம் மூன்றுக்குப் பன்னிரண்டு. கூட்டினால் அறுபத்தெட்டு. பாதிக்கு மேல் கொழுப்பு! ஆஸ்பத்திரியில் முப்பது சதவீதத்துக்குள் என்று சொல்லியிருக்கிறார்கள். கணக்கில் என்னையே மடக்கிவிட்டாளே என்று பற்றிக்கொண்டு வருகிறது.

மார்ச் 9

மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். தலை சுற்றுகிறதாம். நோயாளி நான், சுற்றுவது அவளுக்கு. நல்ல கூத்து.

மார்ச் 11

நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் சாப்பிடுகிறாள். அதுவும் அடுப்படியில் நின்றுகொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு. எதையோ பொரித்துத் தின்கிறாள், சந்தேகமே இல்லை. ஊருக்குத்தான் உபதேசம்! நாளைக்குக் கையும் களவுமாகப் பிடித்து, அவள் தட்டையும் ஒன்பதால் பெருக்கிக் காட்டுகிறேன்.

மார்ச் 12

பிடித்தேன். தட்டைப் பிடுங்கித் தராசில் வைத்தேன்.

சோறு. அதன்மேல் ஒரு கரண்டி குழம்பு, காய் கூட இல்லை. பெருக்கிப் பார்த்தேன். மாவுச்சத்து எண்பத்தெட்டு சதவீதம். கொழுப்பு ஆறு, புரதம் ஆறு.

"முட்டை எங்க? மீன் எங்க?" என்று கத்தினேன்.

"உங்க தட்டுலதான். எனக்கென்ன, இருக்கிறதப் போட்டு வயித்த ரொப்பிக்குவேன். நீங்க என் மடியிலதான் விழுந்தீங்க. இன்னொரு தடவ அதப் பாக்க என்னால ஆகாது."

யாருடி உன்னைக் கேட்டா? என் தட்டை வேளைக்கு வேளை பெருக்கத் தெரிகிறது — உன் தட்டை ஒரு தடவை பெருக்கினால் என்ன? அந்தத் தலைசுற்றலைப் போய் கூத்து என்று எழுதி வைத்திருக்கிறேன். கோபம் அவள்மேலா, என்மேலா?

மார்ச் 13

மீன் துண்டைப் பாதியாக வெட்டி அவள் தட்டில் வைத்தேன்.

"உங்க புரதம் குறையுதே."

"குறையட்டும்! உக்காந்து தின்னு!"

பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும்.

மார்ச் 14

இன்று இரண்டு துண்டு வாங்கினேன்.

ஏப்ரல் 2

இரண்டு தட்டையும் இப்போது நான்தான் நிறுக்கிறேன். அவளுக்குப் பருப்பை அள்ளிக் கொட்டுகிறேனாம், மதியமெல்லாம் ஒரே திட்டு. நானும் விடவில்லை.

சாயங்காலம் கடைக்குப் போய்வந்தோம். பையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் விறுவிறுவென்று படியேறிப் போய், மேலே நின்று என்னைப் பார்த்துக் கத்தினாள்: "மெதுவா வாங்க!"