தொப்பியைக் கழற்றிய சிப்பாய்

அக்கா,

நேற்று காலை மாடி வீட்டு மீரா ஒரு பெரிய பையைத் தூக்கிக்கொண்டு வந்து என் சாப்பாட்டு மேசையில் கொட்டினாள். எல்லாம் பிளாஸ்டிக் உறை போட்ட படங்கள். பல் விளக்குகிற படம், சட்டை போடுகிற படம், பஸ் ஏறுகிற படம், அழுகிற முகம், சிரிக்கிற முகம். அதோடு காதை மூடுகிற பெரிய ஹெட்போன் ஒன்று, உள்ளே ஏதோ வைத்துத் தைத்த கனமான போர்வை ஒன்று, நாலைந்து புத்தகம். அவள் மகனுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "பெரியம்மா, ஆளுக்கு ஒண்ணு வாங்குங்கிறாங்க. இதுல எதுதான் நெசமா உதவும்? நீங்கதானே தனம் அக்காவ வளர்த்தீங்க, சொல்லுங்கலா" என்றாள்.

புது பிளாஸ்டிக் வாடை மூக்கில் ஏறியது. ஒரு படத்தைக் கையில் எடுத்தேன், அவ்வளவுதான். சட்டை வந்த அட்டைப் பெட்டியை வெட்டி, அடுப்புக்கரியால் நீங்கள் வரைந்த ஐந்து படங்கள் கண்முன்னே வந்து நின்றன. ஜப்பான்காரன் காலம் அப்படியே திரும்பி வந்த மாதிரி இருந்தது.

ஆட்டிசம் என்ற பேர் அப்போது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சுங்கை பினாங்கில் நம் வரிசை வீட்டு ஜனங்கள் என் மகள் தனத்துக்கு வைத்த பேர்கள் வேறு. பேய் பிடித்தது, மந்தம், செய்த பாவம். ஏழு வயசுப் பிள்ளை. பேச்சு கிடையாது. சோழிகளை வாசலில் ஒரே நேராக அடுக்கிக்கொண்டே இருப்பாள். ஒன்று விலகினாலும் வானம் இடிந்த மாதிரி அலறுவாள். லாரி போனால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போய்விடுவாள்.

என் வீட்டுக்காரரைச் சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரன் லாரியில் ஏற்றிக்கொண்டு போய் நாலு மாதம் ஆகியிருந்தது. படகுத்துறைப் பக்கம் கோணி தைக்கிற கொட்டகையில் எனக்கு வேலை. வேலைக்கு வந்தால்தான் அரிசி. அங்கே போக ஆற்றுப் பாலத்தைத் தாண்ட வேண்டும். பாலத்து முனையில் மணல் மூட்டை அடுக்கி ஒரு சிப்பாய் துப்பாக்கியோடு நிற்பான். கடக்கிறவர்கள் எல்லாரும் நின்று, இடுப்பை வளைத்துத் தலை வணங்கிவிட்டுத்தான் போக வேண்டும். பெரியவர், சின்னவர் என்ற பேச்சே கிடையாது.

தனத்தை வீட்டில் பூட்டிவிட்டுப் போனேன், ஒரே ஒரு நாள். சாயங்காலம் வந்து பார்த்தால் கதவில் தலையை மோதி மோதி நெற்றி முழுக்க இரத்தம். பக்கத்து வீடு நீங்கள்தான். ஆனால் பாலர் வகுப்பு டீச்சரான உங்களை ஜப்பான் பாஷை படிக்கச் சொல்லிப் பகல் முழுக்கப் பிடித்து வைத்திருந்தார்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பாலத்தைக் கடப்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

முதல் நாளே வினை. எல்லாரும் குனிந்தார்கள், தனம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பிடரியைப் பிடித்து அமுக்கினேன். தொட்டால் பிடிக்காத பிள்ளை, அலறித் தீர்த்துவிட்டாள். சிப்பாய் "கூரா!" என்று கத்திக்கொண்டு வந்து என் கன்னத்தில் அறைந்தான். ஒரு கருங்கல்லைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொல்லி வெயிலில் நிறுத்தினான். கூட நின்ற நம்மாள் போலீஸ்காரர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "தங்கச்சி, அடுத்த தடவ புள்ளையத்தான் அடிப்பான். சின்னப் புள்ளன்னுலாம் பாக்கமாட்டான். போன வாரம் ஒண்ண ஆத்துல தூக்கிப் போட்டான்."

அன்றைக்குச் சாயங்காலம் என் வீட்டில் கூட்டம் கூடிவிட்டது. ஒருத்தி ரோத்தான் பிரம்பைக் கொண்டுவந்தாள், நாலு கொடுத்தால் தானாகக் குனியும் என்று. ஒருத்தர் மந்திரித்த கயிறு. இன்னொருத்தர் மலாய் மந்திரவாதி போமோவிடம் கூட்டிப்போய் ஓதச் சொன்னார். கையைக் காலைக் கட்டி மூலையில் போட்டுவிட்டு வேலைக்குப் போ என்று சொன்ன புண்ணியவானும் உண்டு. நான் பிரம்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். மறைப்பானேன், அடிக்கத்தான் எடுத்தேன். நீங்கள் வந்து ஒவ்வொன்றையும் பார்த்தீர்கள். "தங்கச்சி, இது பிள்ளைக்கு உதவுமோ, இல்லாட்டி எங்கட வெக்கத்துக்கு உதவுமோ? அதை மட்டும் யோசியும்" என்று சொல்லிப் பிரம்பை என் கையிலிருந்து உருவினீர்கள்.

மறுநாளே படம் வரைய உட்கார்ந்துவிட்டீர்கள். முதல் படம் நம் வீட்டு வாசல். இரண்டாவது ரோடு. மூன்றாவது தொப்பி போட்ட ஆள். நான்காவது குனிகிற பெண் பிள்ளை. ஐந்தாவது தட்டில் அவித்த மரவள்ளிக் கிழங்கு. ஒன்று முடிந்தால் அடுத்தது, கடைசியில் கிழங்கு. அந்த ஒழுங்கு தனத்துக்குச் சோழி வரிசை மாதிரியே பிடித்துப்போனது. படங்களைச் சின்னத் துணிப்பையில் போட்டு அவள் இடுப்பில் கட்டிவிட்டீர்கள். லாரிச் சத்தத்துக்கு எண்ணெய் தொட்ட பஞ்சைக் காதில் வைத்துப் பார்த்தோம், அது உதவியது. கொட்டகையிலிருந்து நான் கொண்டுவந்த கனத்த கோணியை மடியில் போட்டால் பிள்ளை அடங்கி உட்கார்ந்தாள். "ஓம், இதுவும் இருக்கட்டும்" என்றீர்கள். மணி அடித்துக் கூப்பிடலாம் என்று நான் வாங்கி வந்த வெண்கல மணியை மட்டும் கொல்லையில் புதைக்காத குறையாக ஒளித்து வைத்தீர்கள். அதைக் கேட்டாலே அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

பிறகு, சாயங்காலமானால் ஒத்திகை. வாசல் சாக்கடைக்கு மேலே போட்ட பலகைதான் பாலம். உங்கள் வீட்டுக்காரரின் பழைய காக்கித் தொப்பியைப் போட்டுக்கொண்டு, கையில் துடைப்பக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சிப்பாயாக நிற்பீர்கள். தெருவே சிரித்தது. நானும் ஒரு நாள் வாய்விட்டுச் சிரித்தேன், அந்த வருஷம் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான். பன்னிரண்டாம் நாள் தனம் பலகையில் வந்து, தொப்பியைப் பார்த்து, அழகாக இடுப்பை வளைத்துக் குனிந்தாள். எனக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது.

நீங்கள் சிரிக்கவில்லை. "இன்னும் ரெண்டு கிழமை தாரும். தொப்பியில்லாமலும் பழக்கோணும். வேற ஆக்களை நிப்பாட்டியும் பழக்கோணும். பிள்ளை ஆளைப் பாக்கேல்லை, தொப்பியைத்தான் பாக்கிறா" என்றீர்கள். இன்னும் இரண்டு வாரமா என்று எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. பானையில் ஒரு பிடி அரிசிகூட இல்லை. "போதும்லா அக்கா! சிப்பாய் தொப்பி இல்லாம நிப்பானா? ஒங்களுக்கு மாசாமாசம் அரிசி வருது, நீங்க ஆற அமர பாடம் நடத்துவீங்க" என்றேன். உங்கள் முகம் வாடியது. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி உள்ளே போய்விட்டேன்.

இரண்டு மாதம் எல்லாம் சரியாகப் போனது. தினம் இரண்டு தடவை பாலம், இரண்டு தடவையும் தனம் குனிவாள். அந்தப் பக்கம் போனதும் கிழங்கு. எனக்கு மெத்தனம் வந்துவிட்டது.

உங்கள் வகுப்புக்கு விடுமுறை விட்ட அன்று நீங்களும் எங்களோடு வந்தீர்கள். தீயாய்க் கொளுத்தும் வெயில். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். நெருங்கிப் போன பிறகுதான் கவனித்தேன். சிப்பாய் தொப்பியைக் கழற்றி மணல் மூட்டைமேல் வைத்துவிட்டு, கைக்குட்டையால் தலையைத் துடைத்துக்கொண்டு நின்றான். பின்னால் வரிசை நெருக்கியது. திரும்பவும் முடியாது.

தனம் அவனைத் தாண்டிப் போனாள். மணல் மூட்டைக்கு முன்னால் போய் நின்றாள். அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தொப்பிக்கு முன்னால் அழகாக இடுப்பை வளைத்துக் குனிந்தாள். வரிசையில் எவனோ ஒரு பாவி களுக்கென்று சிரித்துவிட்டான்.

சிப்பாய் அவள் தோளைப் பிடித்து இழுத்துத் தன் பக்கம் திருப்பினான். கையை ஓங்கிவிட்டான். நீங்கள்தான் தரையோடு தரையாகக் குனிந்துகொண்டே போனீர்கள். தனத்தின் பையிலிருந்து மூன்றாவது படத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டி, தெரிந்த நாலு ஜப்பான் வார்த்தையில் என்னவோ சொன்னீர்கள். அவன் படத்தைப் பார்த்தான். பிள்ளையைப் பார்த்தான். தொப்பியைப் பார்த்தான். சிரித்தான். தப்பித்தோம்டா சாமி என்று நினைத்தேன்.

அவன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தான். தனம் குனிந்தாள். கழற்றினான், நிமிர்ந்தாள். மறுபடி வைத்தான், குனிந்தாள். இன்னொரு சிப்பாயையும் கூப்பிட்டுக் காட்டினான். பத்துத் தடவை, இருபது தடவை, அதற்குமேல் நான் எண்ணவில்லை. பிள்ளையின் கால் நடுங்கியது. பாவாடை நனைந்து தரையில் ஈரம் ஓடியது. ஒவ்வொரு தடவை நிமிரும்போதும் அவள் கை பையைத் தடவியது, ஐந்தாவது படத்துக்காக. குனிந்தால் கிழங்கு என்றுதானே சொல்லிக்கொடுத்தோம்! அதற்குள் மறுபடி தொப்பி வந்துவிடும். நிறுத்துவதற்கு நாம் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பெற்றவள் நான் மரமாக நின்றேன். நீங்கள் நிமிர்ந்து நடந்துபோய், முந்தானையால் தனத்தின் கண்ணை மூடி, அவளை உங்கள் வயிற்றோடு அணைத்துக்கொண்டீர்கள். தொப்பி கண்ணில் படாததும் அவள் குனியாமல் நின்றாள். துப்பாக்கிக் கட்டை உங்கள் இடது பக்கத் தலையில் இறங்கிய சத்தம் இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது. நீங்கள் விழுந்தீர்கள். விழுந்தும் முந்தானையை எடுக்கவில்லை. போதும் என்று தோன்றியதோ என்னவோ, அவன் எங்களைக் காலால் தள்ளிவிட்டான்.

அன்று சாயங்காலம் இடது காதில் துணிக்கட்டு, கட்டு முழுக்க இரத்தம், நீங்கள் தலையைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தீர்கள். "நாளைக்குத் தொப்பியில்லாமல் தொடங்குவம்" என்றீர்கள். நான் சொன்னதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதாமல் இந்தக் கடிதம் எதற்கு? "ஒங்க படந்தான் எம்புள்ளைய குரங்காட்டம் ஆட வச்சிருச்சு. போதும், போங்க" என்றேன். தொப்பி போதும் என்று பாடத்தை நிறுத்தியது நான். பழி உங்கள் தலையில், அடிபட்ட அதே தலையில்.

திரும்பிப் போனீர்கள். மறுநாள் தலையில் எதுவும் இல்லாமல் பலகைமேல் வந்து நின்றீர்கள். மூன்று வாரம் நான் வேலைக்குப் போகவில்லை. உங்கள் அரிசியில் பாதி என் பானையில் வெந்தது. உங்கள் வீட்டுக்காரர் நின்றார், நம்மாள் போலீஸ்காரர்கூட ஒரு நாள் ஒளிந்து வந்து நின்றுவிட்டுப் போனார். தனம் ஆளைப் பார்த்துக் குனியப் பழகினாள்.

நீங்கள் ஆறாவதாக ஒரு படமும் வரைந்தீர்கள். விரித்த உள்ளங்கை. வேண்டாம் என்று அர்த்தம். அதை அவள் காட்டினால் கையில் இருப்பதை நான் உடனே கீழே வைத்துவிட வேண்டும், அது மருந்தானாலும் சீப்பானாலும். "அக்கா, இத அந்தப் படுபாவிகிட்ட காட்டித் தொலைச்சிட்டா?" என்றேன். "இதை வீட்டில வைச்சுப் பழக்குவம், பாலத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். அவன் ஒரு நாளைக்குப் போயிடுவான் தங்கச்சி. பிள்ளை இன்னும் எத்தனை பேரோட சீவிக்க இருக்கு" என்றீர்கள். பாலத்தை மறுபடி கடந்த அன்று அங்கே வேறு சிப்பாய் நின்றான். தனம் குனிந்தாள், நாங்கள் கடந்தோம். சண்டை முடிகிறவரை கடந்துகொண்டே இருந்தோம். என் வீட்டுக்காரர் திரும்பி வரவில்லை. தனம் பேசிய முதல் வார்த்தை "வேணாம்". பதினோரு வயசில், நான் ஊற்றப்போன ரசத்தைப் பார்த்துச் சொன்னாள். இப்போது அவளுக்கு அறுபது தாண்டிவிட்டது, தினமும் என்னிடம் பத்துத் தடவையாவது சொல்கிறாள். மேசையில் கொட்டிக் கிடந்ததைப் பார்த்து மீராவிடம் நானும் உங்கள் கேள்வியைத்தான் கேட்டேன்: இது பிள்ளைக்கு உதவுமா, உன் வெட்கத்துக்கு உதவுமா? பிறகு, வேண்டாம் என்று சொல்ல எந்தப் படம் இருக்கிறது, முதலில் அதை எடு என்றேன்.

இனி மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் படுக்கையில் விழுந்த கடைசி மாதம் தினமும் வந்து உட்கார்ந்தேன் இல்லையா? ஒரு நாள் மன்னிப்புக் கேட்டேன். தொப்பி போதும்னு சொன்னது நான்தான், உங்க மேல பழியப் போட்டதும் நான்தான், என்ன மன்னிச்சிருங்கக்கா என்று முழுசாகச் சொன்னேன். சொல்லும்போது உங்கள் இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் காது அன்றைக்கே செத்துப்போன காது. தெரிந்துதான் அந்தப் பக்கம் உட்கார்ந்தேன்.

என் வாய் அசைந்ததை மட்டும் பார்த்தீர்கள். "என்ன தங்கச்சி? இஞ்சாலப் பக்கம் வந்து சொல்லும்" என்று வலது பக்கத்தைக் காட்டினீர்கள்.

"ஒண்ணுமில்லக்கா, காப்பி வேணுமான்னு கேட்டேன்" என்றேன்.

"ஓம், தாரும்" என்றீர்கள். கொண்டுவந்து கொடுத்தேன். நல்லாயிருக்கு என்று குடித்தீர்கள். அடுத்த வாரம் போய்விட்டீர்கள்.

நேற்று மீராவிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். யாரிடம் வேண்டுமானாலும் சொல்ல முடிகிறது அக்கா. உங்கள் வலது பக்கம் வந்து உட்காரத்தான் எனக்குத் தைரியம் இல்லாமல் போய்விட்டது.